தவளையும் பன்றியும் நாரி நோவும்



இந்தப் பாடசாலையின் விஞ்ஞான கூடத்தில்தான் நான் முதன்முதலாக ஒரு தவளையை அறுத்துப் பார்த்தேன். முடிந்ததும் எங்கள் ரீச்சர், “இது உங்களுக்காக உயிர் விட்டது. கண்டதை மட்டும் எழுதுங்கோ, பிள்ளையள்” என்றார். தவளையை வேப்பமரத்தடியில் புதைத்தோம். அந்தச் சொல் இன்றும் என்னோடு வருகிறது.

நான் இப்போது கதிரியக்கவியல் வைத்தியர். மார்புப் புற்றுநோய் முள்ளந்தண்டுக்குப் பரவி, படுக்கவும் இருக்கவும் முடியாமல் தவிக்கும் பெண்களைக் காண்கிறேன். கதிர்ச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் நோவு அடங்காத சிலருக்கு, ஊசி போன்ற மின்வாயை எலும்புக்குள் செலுத்தி, வானொலி அதிர்வெண் மின்னோட்டத்தால் கட்டியைச் சுடலாம். 60 பாகை செல்சியசுக்கு மேல் கலங்கள் உடனே இறக்கும். ஆனால் சில மில்லிமீற்றர் தள்ளி முண்ணாண் இருக்கிறது. அங்கே 45 பாகையைத் தாண்டினால் நரம்பு கெட்டு, கால்கள் இயங்காமல் போகலாம். அந்த வெப்பம் எவ்வளவு தூரம் பரவும்?

இதை மனிதரில் பரீட்சித்துப் பார்க்க முடியாது. 1989இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களின் எலும்பில் இம்முறையைச் சோதித்தனர். 1992இல் மனிதரின் சிறு எலும்புக் கட்டிகளுக்கு அது பயன்பட்டது. முள்ளந்தண்டுக்கு, டேமியன் டுபுய் குழுவினர் இறந்த எலும்பிலும் உயிருள்ள பன்றியிலும் வெப்பத்தை அளந்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். எலும்பின் கெட்டியான புறப்படை வெப்பத்தைத் தடுத்தது. உயிருள்ள பன்றியில் வெப்பப் பரவல் இன்னும் குறைவாக இருந்தது. முண்ணாணைச் சூழ ஓடும் இரத்தமும் நீரும் சூட்டை அள்ளிச் செல்வதே அதற்குக் காரணம் என்று கருதினர். இறந்த எலும்பு சொல்லாததை உயிருள்ள உடல் சொன்னது.

ஆனால் பன்றியின் எலும்பு சுகமான எலும்பு. எங்கள் நோயாளியின் எலும்பையோ கட்டி அரித்திருக்கும். சிலரில் அந்தத் தடுப்புச் சுவரே இருக்காது. ஆகவே, அப்படியானவர்களுக்கு முண்ணாணுக்கு அருகில் வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்தே சுட வேண்டும். பன்றியில் கண்டதை, காணாத இடத்துக்கும் நீட்டக் கூடாது. ரீச்சர் சொன்னதும் அதுதான்.

இந்தச் சிகிச்சை நோவைத் தணிக்கும். பரவிய புற்றுநோயை மாற்றாது. எல்லா இடங்களிலும் கிடைப்பதுமில்லை. ஆகையால் சகோதரிகளே, ஒரு வேண்டுகோள். நெடுந்தீவிலிருந்து படகேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்துத் தெல்லிப்பழை வரை போவது இலேசல்ல என்று எனக்குத் தெரியும். என்றாலும் மார்புப் புற்றுநோய்க்கு மருந்து செய்த ஒருவருக்குப் புதிதாக நாரி நோ வந்து, இரவில் கூடினால், எண்ணெய் பூசிக்கொண்டு இருக்க விடாதீர்கள். கால் சோர்ந்தால், சலம் போவது தடைப்பட்டால், அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அம்மாவிடம், பெரியம்மாவிடம் ரெலிபோனில் வெட்கப்படாமல் கேளுங்கள்.