"நீ மட்டும் இரு"
(பெருமாட்டியில் சங்கக் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோப்பில் தேங்காய் காணோம், முதலாளி வீட்டில் நகை காணோம் என்றால் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது? தமிழ் பேசும் கூலிக்காரன் வீட்டுக் கதவுதான். ஆண்பிள்ளை இல்லையென்றால் "பொம்பளையை ஸ்டேஷனுக்கு அனுப்பு" என்பார்கள். அனுப்பலாமா?

1972 மார்ச் 26. மகாராஷ்டிராவில் தேசாய்கஞ்ச் போலீஸ் ஸ்டேஷன். கூலி வேலை செய்து பிழைத்த ஓர் ஆதிவாசிச் சிறுமி, பெயர் வேண்டாம். அவளைக் கடத்திவிட்டார்கள் என்று அண்ணனே கொடுத்த புகாரில் விசாரணைக்கு வந்தவள். இரவு பத்தரை மணிக்கு எல்லோரும் புறப்பட்டபோது, "நீ மட்டும் இரு" என்றார்கள். உறவினர் வெளியே காத்து நின்றார்கள். உள்ளே விளக்கு அணைந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள்மீது வழக்கு வந்தது.

1974-ல் செஷன்ஸ் கோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. 1976-ல் பம்பாய் ஹைகோர்ட்டு, பயந்து பணிவது சம்மதம் ஆகாது என்று தண்டித்தது. 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி விடுதலை செய்தது. உடம்பில் காயம் இல்லையாம். கூச்சலிட்டேன் என்று அவள் சொன்னதும் கட்டுக்கதையாம். பூட்டிய ஸ்டேஷனுக்குள் போலீஸ்காரனோடு மல்லுக்கட்டவில்லை என்பதே சம்மதம் ஆகிவிட்டது!

1979-ல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-ல் சட்டம் திருந்தியது. காவலில் உள்ள பெண்ணைப் பலாத்காரம் செய்த போலீஸ்காரனுக்குக் குறைந்தது 10 ஆண்டு. உறவு நடந்தது நிரூபணமாகி, "நான் சம்மதிக்கவில்லை" என்று அவள் கோர்ட்டில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே கோர்ட்டு அனுமானிக்க வேண்டும். 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டங்களிலும் இது நிற்கிறது.

சட்டம் இருந்தால் போதுமா? 1992 ஜூனில் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறையும் போலீசும் புகுந்தபோது இந்தச் சட்டத்துக்கு வயது ஒன்பது. 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். 215 பேருக்குத் தண்டனை கிடைக்க 2011 ஆயிற்று. அதை ஹைகோர்ட்டு உறுதி செய்ய 2023 ஆயிற்று. தண்டனைக்காக அத்தனை காலம் காத்திருக்க நம்மால் ஆகாது. நடக்காமல் தடுப்பதே நம் வேலை.

சாட்சி விசாரணை என்றால் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல அதிகாரம் இல்லை. அவள் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் கேட்க வேண்டும். ஆனால் புதிய சட்டத்தில் ஒரு வார்த்தை நுழைந்திருக்கிறது: அவளே விரும்பினால் ஸ்டேஷனுக்கு வரலாமாம். வாசலில் ஜீப் நிற்கும்போது விருப்பம் என்ன, விருப்பமின்மை என்ன? 1978-ல் 'சம்மதம்' என்றார்கள், இப்போது 'விருப்பம்' என்கிறார்கள். ஆகையால், விருப்பமில்லை என்று நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள்.

கைது என்றாலும், பொழுது சாய்ந்தபின் விடியும்வரை பெண்ணைக் கைது செய்யக்கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடுதான் செய்ய வேண்டும். அந்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

மலையாளத்தில் வாக்குமூலத்துக்கு 'மொழி' என்று பெயர். நமக்கோ அந்த மொழிதான் படிக்கத் தெரியாது! விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கச் சட்டமே இடம் தரவில்லை; போடாதீர்கள். பெண்களுக்கு, வருமானம் பாராமல், சட்ட உதவி இலவசம்.

இனி எந்த வீட்டுக்கு அழைப்பு வந்தாலும் பக்கத்து லயத்துப் பெண்கள் இரண்டு பேர் கூடவே போக வேண்டும். அன்றைக்குக் கூலி போனால் சங்கம் கொடுக்கும். "நீங்கள் போங்கள், இவள் மட்டும் இருக்கட்டும்" என்று யார் சொன்னாலும் அந்த இரண்டு பேரும் இடத்தைவிட்டு அசையக்கூடாது. வர முடிந்தவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள்.