படகின் ஆசனத்தைத் தட்டிப் பாருங்கள்



கனடாவில் கோடை தொடங்கினால் எங்கள் குடும்பங்களில் பலர் ஏரிக்கு மீன்பிடிக்கப் போகிறார்கள். சிலர் கூட்டாகக் காசு போட்டுப் பழைய படகொன்றை வாங்குகிறார்கள். வாங்கும்போது எஞ்சினைப் பார்க்கிறோம், அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆசனம் கிழிந்திருந்தால் மட்டும் "பிறகு தைக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். இன்றைக்கு அந்த ஆசனத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வீட்டில் கதிரை உடைந்தால் நிலத்தில் விழுவோம். ஓடுகிற படகில் ஆசனம் கழன்றால் தண்ணீருக்குள் விழுவோம். மே மாதத்தில் ஒன்ராறியோ ஏரிகளில் பனிக்கட்டி கரைந்திருக்கும். தண்ணீரின் குளிர் போயிருக்காது. அதற்குள் விழுந்தவருக்கு முதல் நிமிடத்தில் மூச்சே கட்டுப்பாட்டில் இராது. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே நிலைதான்.

பழுது மேலே தெரிவதில்லை. தையல் வழியே மழைத்தண்ணீர் இறங்கும். உள்ளேயிருக்கும் பஞ்சு அதைப் பிடித்து வைத்திருக்கும். கீழேயுள்ள ஒட்டுப்பலகை மெல்ல உக்கும். உக்கிய பலகையில் திருகாணி பிடிக்காது. ஆகவே முதலில் ஆசனத்தை இரண்டு கையாலும் ஆட்டிப் பாருங்கள். பிறகு அடித்தளத்தைத் திருகாணிச் சாவியின் பிடியால் தட்டுங்கள். நல்ல பலகை கணீரென்று கேட்கும், உக்கியது மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் கூர்முனையால் குத்துங்கள். இலகுவாக இறங்கினால் அந்தப் பலகை போய்விட்டது. பெரிய திருகாணி போட்டு இறுக்குவதில் பயனில்லை.

பழைய பலகையை முழுதாகக் கழற்றி, அதையே அளவாக வைத்துப் புதியதை வெட்டுங்கள். கடல் வேலைக்கான ஒட்டுப்பலகை நல்லது. அலுமினியப் படகென்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டு முற்றத் தளத்துக்குப் போடும் மருந்தேற்றிய பலகையை வைக்காதீர்கள். அந்த மருந்தில் செம்பு உண்டு. ஈரத்தோடு சேர்ந்து அது அலுமினியத்தை அரித்துவிடும்.

பலகை உக்குவது பெரும்பாலும் ஓரத்திலும் துளையிலும் இருந்துதான். அதனால் எல்லாப் பக்கமும் எபொக்சி பூசுங்கள். துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, எபொக்சியால் நிரப்பி, காய்ந்தபின் அதன் நடுவில் அளவான துளை போடுங்கள். ஆசனத்தின் காலைத் திருகாணியில் தொங்கவிடாமல், ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு, கீழே அகலமான தகடு வைத்து இறுக்குங்கள். போல்ட் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். மெத்தைக்குத் தண்ணீர் குடிக்காத பஞ்சும், வெயிலைத் தாங்கும் படகுத் துணியும், பொலியெஸ்டர் நூலும் வேண்டும். சாதாரண றெக்சின் வெயிலில் விரைவில் வெடித்துவிடும். பலகையின் அடியில் தண்ணீர் வடிய இரண்டு மூன்று துளைகள் விடுங்கள்.

பைபர் கிளாஸை வெட்டித் தேய்க்கும்போது முகமூடியும் கையுறையும் அவசியம். கதவு மூடிய பேஸ்மென்டில் அந்த வேலை வேண்டாம்.

சிறிய அலுமினியப் படகில் குறுக்காக இருக்கும் பெட்டி போன்ற ஆசனத்தை இடம் போதாதென்று வெட்டி எடுக்காதீர்கள். இரு பக்கமும் வளையாமல் பிடித்திருப்பது அதுதான். அதற்குள் இருக்கும் நுரைப்பஞ்சுதான், தண்ணீர் நிரம்பினாலும் படகைத் தாழவிடாமல் வைத்திருப்பது. நனைந்து பாரமாகியிருந்தால், அதே அளவுக்குப் படகு மிதப்புக்குரிய புது நுரையை வையுங்கள்.

ஆசனத்தைக் கூட்டினால் ஆட்களையும் கூட்டலாம் என்று நினைக்க வேண்டாம். 6 மீற்றருக்குக் குறைந்த எஞ்சின் படகுகளில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். கம்பத்தில் உயர்ந்திருக்கும் மீன்பிடி ஆசனம் படகு நிற்கும்போது இருப்பதற்கு மட்டும்தான். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் போட்டுக்கொண்டு இருப்பதுதான் புத்தி.

ஒரு வார இறுதி வேலை இது. பிள்ளைகளையும் கூட வைத்துச் செய்யுங்கள். தாங்கள் இருக்கும் இடம் எதில் நிற்கிறது என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.