நிழலில்லா நாளும் தூக்குக்குண்டும்



வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அறிவியலில் கைகொடுக்க ஆள் வேண்டும் என்றால், நாம் பெரிய கல்லூரிகளையே எதிர்பார்த்து நிற்கிறோம். அந்த ஆள் நம் தெருவிலேயே இருக்கிறார் என்று சொல்லத்தான் வந்தேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இரண்டு நாள், ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்டு வாக்கில் ஒன்று, உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். நேராக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. ஊருக்கு ஊர் நாள் மாறும். ஏப்ரலில் கன்னியாகுமரியில் தொடங்கினால் சென்னைக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு வாரம். கடிகாரத்தில் 12 அடித்துச் சில நிமிடம் கழித்துத்தான் அந்த நேரம் வரும். பார்க்க வேண்டியது நிழலை. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது, பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

ஓர் அரசுப் பள்ளியில் இந்தச் சோதனையைச் செய்தோம். குச்சி கொஞ்சம் சாய்ந்தாலும் நிழல் எட்டிப் பார்த்துவிடும். மாணவி ஒருத்தியின் அப்பா கொத்தனார். தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொண்டுவந்து, தரையை மட்டம் பார்த்து, குச்சியைச் செங்குத்தாக நிறுத்தினார். "குண்டு ஏன் கோணாம தொங்குது?" என்றான் ஒரு பையன். "பூமி இழுக்குது தம்பி" என்றார் அவர். ஆசிரியர் அங்கிருந்தே ஈர்ப்புவிசைப் பாடத்தைத் தொடங்கிவிட்டார். அப்பா சொல்வதைத் தோழிகள் நோட்டில் எழுதுவதை அந்தப் பெண் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

வடக்கே இன்னொரு பள்ளியோடு தொலைபேசியில் பேசி, ஒரே நாள் உச்சிவேளையில் நிழலின் கோணத்தை ஒப்பிட்டு, இரண்டு ஊருக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தூரத்தையும் சேர்த்துக்கொண்டால் பூமியின் சுற்றளவையே கணக்கிடலாம். 2,200 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் செய்த கணக்கு அது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது எட்டாத கணக்கு இல்லை.

2021-இல் தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. 2022 நவம்பரில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சோதனை காட்டும் வானவில் மன்றம் வந்தது. நல்ல தொடக்கங்கள். ஆனால் சோதனை காட்ட வந்தவர் போன பிறகு, மறுவாரம் கிளம்பும் சந்தேகத்தைக் கேட்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமே! ஊர் நூலகம் சனிக்கிழமை இடம் தரலாம். மகளிர் குழு பெண்பிள்ளைகளை வீட்டில் கொண்டுவிடலாம். பக்கத்து பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் ஒரு வருடம் தொடர்ந்து வரலாம்.

நேரம் முடிகிறது. மோட்டார் சுற்றுபவரோ, தையல்காரரோ, வெல்டிங் பட்டறைக்காரரோ இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த வாரமே பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.