பச்சையாகத் தின்பதைக் கழுவித் தின்போம்



வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக் கோவா, லீக்ஸ், தக்காளி எல்லாம் பதுளைச் சந்தைக்கு வருகிறது. லயத்து வாசலிலும் நாம் கீரை போடுகிறோம். "பார்க்கச் சுத்தமாத்தானே இருக்கு, ஏன் கழுவணும்?" என்று சிலர் கேட்கிறார்கள். வயிற்றுப் பூச்சியின் முட்டை கண்ணுக்குத் தெரியாது. கானோரத்து மண்ணிலிருந்து வல்லாரை இலையில் ஒட்டிக்கொள்ளும். நன்றாக வேகவைத்தால் சாகும். பச்சையாகச் சம்பல் போட்டால் பிள்ளையின் வயிற்றில் போய் வளரும். பிள்ளை தின்கிற சோற்றில் பங்கு கேட்கும்.

ஆகவே நறுக்குவதற்கு முன்பே, ஓடுகிற பீலித் தண்ணீரில் இலை இலையாகத் தேய்த்துக் கழுவுவோம். பச்சையாகத் தின்பதைக் கடைசியாகக் கொதித்தாறிய நீரில் அலசுவோம். தோல் சீவும் பழத்தையும் கழுவுவோம். இல்லாவிட்டால் கத்தியே அழுக்கை உள்ளே கொண்டுபோகும். மரக்கறிக்குச் சவர்க்காரம் வேண்டாம். அது நம் கைக்கு.

மருந்தடித்த மரக்கறியைக் கழுவினால் மேலே உள்ளது ஓரளவு போகும். உள்ளே ஊறியது போகாது. மரக்கறி போடுகிறவர்கள், போத்தலில் எழுதியிருக்கும் நாள் கழியும் வரை பறிக்காதீர்கள். விற்கிற மரக்கறியையும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதானே தின்னப்போகிறது!