கொதிக்கும் இயந்திரமும் குளிர்ந்த சிந்தனையும்



மருத்துவரிடம் செல்லும் நோயாளி தன் துன்பத்தைத் தானே எடுத்துரைப்பான். மோட்டார் வண்டிக்கு வாய் இல்லை. ஆயினும் அது பேசாமல் இருப்பதில்லை. வெப்பமானியின் முள் ஏறுவதும், நீராவி சீறுவதும், நீர் குறைவதும் அதன் மொழிகளே. அம்மொழியைப் பொறுமையாகக் கேட்டுக் காரணத்தைக் கண்டறிவது எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். சிறப்பாக, வேகத்துக்கென்றே ஆக்கப்பெற்று, இப்போது வயதேறிவிட்ட கார்களை விடாது பற்றும் சூட்டு நோயைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நான் வாழும் அதியமான்கோட்டை, தருமபுரிக்குத் தெற்கே சேலம் சாலையில் உள்ள ஊர். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் நினைவைத் தன் பெயரிலே தாங்கி நிற்பது. சேலத்திலிருந்து வருவோர் தொப்பூர்க் கணவாயில் ஏறித்தான் எங்கள் ஊரை அடைய வேண்டும். கோடைக் காலத்து நண்பகலில் அந்த ஏற்றம் பழைய வண்டிகளுக்கு ஒரு தேர்வுக்கூடம். சமவெளியில் மறைந்திருக்கும் குறையெல்லாம் அங்கே வெளிப்பட்டுவிடும்.

முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். பெட்ரோல் இயந்திரத்தில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. எஞ்சிய பங்கை, இயந்திரத்தைச் சுற்றி ஓடும் நீர் ஏந்திச் சென்று ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். 1886-ஆம் ஆண்டு கார்ல் பென்ஸ் உருவாக்கிய வண்டியில் நீர் கொதித்து ஆவியாகியே வெப்பத்தைக் கொண்டு சென்றது. ஆகவே அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. 1901-இல் ஓடிய மெர்சிடிஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். ஏறக்குறைய 8,000 சிறு குழல்களின் ஊடே காற்றுப் புகுந்தது. குறைந்த நீரைக் கொண்டு மிகுந்த வெப்பத்தை வெளியேற்ற முடிந்தது. அதிவேகக் கார் என்பது அதன் பின்னரே நடைமுறைக்கு வந்தது எனலாம்.

நம் நாட்டிலும் வேகத்தை விரும்பியோர் உண்டு. சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில், பல ஆண்டுகள் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அவற்றை வளர்த்தது. சாதாரணக் கார்களின் இயந்திரத்தைத் திருத்தி, அழுத்த விகிதத்தைக் கூட்டி, ஓடவிட்டவர்கள் அங்கே பலர். ஆற்றலைக் கூட்டினால் வெப்பமும் கூடும். அதை வெளியேற்றும் வழியையும் அந்த அளவுக்குக் கூட்டவில்லையெனில் இயந்திரம் பழிவாங்கும். இந்தக் கணக்கு எக்காலத்துக்கும் பொருந்துவது.

இனி ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். என் பழைய மாணவர் ஒருவர் நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டறை வைத்திருக்கிறார். இயந்திரம் திருத்தப்பெற்ற ஒரு பழைய வேகக் கார் அவரிடம் மூன்றாம் முறையாக வந்து நின்றது. அது காலஞ்சென்ற தந்தையிடமிருந்து ஓர் இளைஞருக்கு வந்தது. தொப்பூர் ஏற்றத்தில் ஒவ்வொரு முறையும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முதல் முறை ரேடியேட்டரை மாற்றினார்கள். இரண்டாம் முறை நீரேற்றும் பம்பை மாற்றினார்கள். தெர்மோஸ்டாட்டை, “நம் வெயிலுக்கு இது எதற்கு?” என்று சொல்லி, கழற்றியே எறிந்துவிட்டார்கள். பணம் கரைந்தது, சூடு குறையவில்லை. “இந்த முறையும் சரியாகாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன்” என்றார் இளைஞர். அவர் கண் கலங்கியதை நான் கண்டேன். என் மாணவருக்கோ தொழிற்பெயரே தள்ளாடிக்கொண்டிருந்தது.

“ஐயா, இனி மாற்றுவதற்கு இயந்திரம் ஒன்றுதான் பாக்கி” என்றார் அவர்.

“தம்பி, மாற்றியவற்றைச் சொன்னாய், சோதித்தவற்றைச் சொல்” என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கரும்பலகை போல ஓர் அட்டையை எடுத்து வைத்தார். இருவரும் வினாக்களை வரிசைப்படி எழுதினோம்.

முதல் வினா: சூடு மெய்யா? முள் பொய் சொல்லலாம். ஆகவே தொடாமலே வெப்பம் காட்டும் கருவியைக் கொண்டு இயந்திரத்தின் தலைப்பகுதியை அளந்தோம். முள் சொன்னது உண்மையே.

இரண்டாம் வினா: சூடு எப்பொழுது வருகிறது? இதுவே எல்லா வினாக்களிலும் முதன்மையானது. நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் விசிறியையும் காற்றோட்டத்தையும் ஐயுற வேண்டும். வேகமாக ஓடும்போதும் மலை ஏறும்போதும் சூடேறினால் நீரோட்டத்தை ஐயுற வேண்டும். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே கொதித்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லையா, ஹெட் கேஸ்கட் பழுதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கார் நகர நெரிசலில் அமைதியாக நின்றது. சமதரையில் மிதமான வேகத்தில் குளிர்ந்தே ஓடியது. தாழ்ந்த கியரில் இயந்திரம் விரைந்து சுழலும் ஏற்றத்தில் மட்டும் கொதித்தது.

மூன்றாம் வினா: எரிந்த வாயு நீருக்குள் புகுகிறதா? இதற்கு மெக்கானிக்குகள் ஒரு நீலத் திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். ரேடியேட்டரின் வாயிலிருந்து வரும் காற்றை அதனூடே இழுத்தால், கரியமில வாயு இருப்பின் நீலம் மஞ்சளாகும். நீங்கள் பள்ளி ஆய்வகத்தில் சுண்ணாம்புத் தெளிநீரைப் பால்போல் ஆக்கும் அதே வாயுதான் இது. எங்கள் திரவம் நீலமாகவே இருந்தது. ஆகவே ஹெட் கேஸ்கட் நலமென்று கொண்டோம். ‘இல்லை’ என்று உறுதிப்படுவதும் ஓர் அறிவே என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

நான்காம் வினா: வெப்பம் அளவுக்கு மீறிப் பிறக்கிறதா? தீப்பொறி பிறக்கும் நேரம் பிந்தினாலும், எரிபொருள் கலவை மெலிந்தாலும், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் வெப்பம் மிகும். மூன்றையும் பார்த்தோம், குறையில்லை.

எஞ்சியது ஐந்தாம் வினா: விரைந்து சுழலும்போது நீர் ஓடுகிறதா? வண்டியை நிறுத்தி வைத்தே இயந்திரத்தை நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 சுற்று சுழலச் செய்தோம். விசிறிக்கு எட்டத்தில் நின்று, ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குச் செல்லும் தடித்த ரப்பர்க் குழாயை உற்றுநோக்கினோம். அது வற்றிய பனங்கிழங்கைப் போல் ஒட்டிப் போயிற்று. வேகத்தைக் குறைத்ததும் மீண்டும் உருண்டது. நோய் அங்கே இருந்தது!

இளநீரை உறிஞ்சும் குழலை வலிந்து உறிஞ்சினால் அது ஒட்டிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். பம்பு விரைந்து இழுக்கும்போது குழாயின் உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள வளிமண்டலம் அதை நசுக்குகிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஆட்டோ வான் கெரிக் இரு செப்புக் கிண்ணங்களை ஒட்டவைத்துக் காட்டிய ஆற்றலே இது. இதைத் தடுப்பதற்காகவே அக்குழாயினுள் ஒரு கம்பிச்சுருள் இருந்திருக்க வேண்டும். கழற்றிப் பார்த்தபோது துருப்பொடி மட்டுமே இருந்தது. ரப்பரும் நைந்து குழைந்திருந்தது. குழாய் ஒழுகவில்லை என்பதால் ஒருவரும் அதைத் தொடவில்லை.

அதனோடு இன்னொரு குறையும் சேர்ந்திருந்தது. புதிய ரேடியேட்டரின் மீது பழைய மூடியையே போட்டிருந்தார்கள். அந்த மூடி சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தைத் தாங்க வேண்டியது; சோதனைக் கருவியில் 5 பவுண்டிலேயே விட்டுவிட்டது. அழுத்தம் இருந்தால் நீர் 100 பாகையில் கொதிக்காது. 15 பவுண்டு அழுத்தத்தில் ஏறக்குறைய 120 பாகை வரை தாங்கும். அதே அழுத்தம் குழாயை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கவும் செய்யும். மூடி தளர்ந்ததால் இரண்டு காவலும் போயின.

“இரண்டையும் இப்போதே மாற்றிவிடலாமா, ஐயா?” என்றார் மாணவர். ஒன்றன்பின் ஒன்றாக மாற்றச் சொன்னேன். இரண்டையும் ஒருங்கே மாற்றினால் எது எவ்வளவு தீங்கு செய்தது என்று தெரியாதல்லவா? கம்பிச்சுருள் உள்ள புதிய குழாயை மட்டும் பூட்டி ஏற்றத்தில் ஓட்டினோம். முள் நடுவைத் தாண்டிற்று, சிவப்பைத் தொடவில்லை. மூடியையும் மாற்றி ஓட்டியபோது நடுவிலேயே நின்றது. மாற்றிய பொருள்களிலேயே விலை மிகக் குறைந்தவை இவ்விரண்டுந்தான். தெர்மோஸ்டாட்டையும் மீண்டும் வைக்கச் செய்தோம். அது 82 பாகை அளவில் திறந்து, இயந்திரத்தை வேண்டிய சூட்டில் வைத்திருக்கும் காவலாள். அதை எறிந்துவிட்டால் இயந்திரம் விரைவில் வேலைச் சூட்டை அடையாது, எரிபொருள் வீணாகும், தேய்மானமும் மிகும்.

எங்கள் மாவட்டத்தார் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. இப்பகுதியின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினநீர். அதில் உள்ள ஃப்ளோரைடின் தீமையை நீக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது; அத்திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பெற்றது. ரேடியேட்டரை அடைப்பது ஃப்ளோரைடு அன்று; சுண்ணாம்பு உப்பே. கடினநீரைச் சூடாக்கினால் கால்சியம் கார்பனேட்டு படியும் என்று வேதியியலில் படிக்கிறீர்கள். வெந்நீர் அண்டாவின் அடியில் வெண்மையாகப் படிவதும் அதுவே. ஆழ்குழாய் நீரை ஊற்றி வந்தால் ரேடியேட்டரின் நுண்குழல்கள் மெல்ல மெல்ல அடைபடும். வாலை வடித்த நீரும், துருவைத் தடுக்கும் கூலன்டும் கலந்து ஊற்றுவதே முறை.

இளைஞர்களே, ஓர் எச்சரிக்கை. கொதிக்கும் வண்டியின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் உடனே திறவாதீர்கள். அழுத்தம் நீங்கிய அக்கணமே உள்ளிருக்கும் நீரில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். முகமும் கையும் வெந்துபோகும். ஓரமாக நிறுத்தி, அரைமணி நேரமேனும் ஆறவிடுங்கள். சூடான இயந்திரத்தின்மேல் குளிர்ந்த நீரைக் கொட்டாதீர்கள். இரும்பு விரிசல் காணும். சேலம் நோக்கி இறங்கும்போது, இயந்திரம் ஆறட்டும் என்றோ எரிபொருள் மிஞ்சும் என்றோ எண்ணி கியரை விடுவித்து ஓட்டாதீர்கள். தொப்பூர்ச் சரிவு பல உயிர்களைக் கொண்டது. அங்கே கியரின் பிடிப்பும் ஒரு பிரேக்கே.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்தைத் தேட வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வரிசை வகுத்தார். அவ்வரிசை மெக்கானிக்குக்கும் உரியது, மாணவனுக்கும் உரியது, நாட்டை ஆள்வோனுக்கும் உரியது. காரணம் அறியாமல் பொருள்களை மாற்றிக்கொண்டே போவது கைக்கு வேலையே தவிர அறிவுக்கு வேலையன்று. ‘எப்பொழுது?’ என்று கேளுங்கள். ‘எங்கே?’ என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஏட்டில் படித்த வளியழுத்தமும், கொதிநிலையும், கரியமில வாயுவும் ஒரு பட்டறையில் ஒன்றுகூடி, ஒருவரின் தந்தையார் விட்டுச்சென்ற நினைவை இரும்புக் கடைக்குப் போகாமல் காத்தன. உங்கள் பாடநூல்களுக்கு அத்தகைய ஆற்றல் உண்டு. அதைப் பயன்படுத்துவது உங்கள் கையில் இருக்கிறது.