நூறு சதவீத அடைப்பு: எதற்கு ஓட வேண்டும், எதற்கு நிதானிக்கலாம்?

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றிய உரை)





சில மாதங்களுக்கு முன்பு ஒருநாள் இஷா தொழுகை முடிந்து நாங்கள் அலுவலகத்தைப் பூட்டும் நேரம். ஒரு தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தார். "அத்தாவுக்கு நூறு பர்சென்ட் பிளாக்காம். நாளைக் காலையிலேயே பணம் கட்டி அட்மிட் ஆகச் சொல்றாங்க. லாத்தாவோட நகையை அடகு வைக்கப் போறோம், மீதியை நீங்க தர முடியுமா?" என்றார். அத்தா எங்கே என்று கேட்டோம். வெளியே ஆட்டோவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்!

அவரிடம் போய்ப் பேசினோம். இப்போது நெஞ்சு வலி இல்லை. ஒரு வருடமாகவே மாடிப்படி ஏறினால் நெஞ்சு பிடிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. அதற்காக ஆஞ்சியோகிராம் எடுத்திருக்கிறார்கள். வலது பக்க ரத்தக் குழாய் முழுவதும் அடைத்திருக்கிறது என்று ரிப்போர்ட். நமக்குத் தெரிந்த இதய மருத்துவர் ஒருவருக்குப் படத்தைக் காட்டினோம். "இது பழைய அடைப்பு. இன்று இரவே செய்ய வேண்டியது இல்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடட்டும், அடுத்த வாரம் நிதானமாக உட்கார்ந்து பேசலாம்" என்றார். நகை வீட்டுக்குத் திரும்பிப் போனது.

இதே குழுவில் இருந்துகொண்டு நாங்கள் பார்த்த இன்னொரு வீட்டையும் சொல்ல வேண்டும். இரவு பதினொரு மணிக்கு நெஞ்சில் பாரம், குப்பென்று வியர்வை. "கேஸா இருக்கும்" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். சுபுஹுக்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கேயும் ரிப்போர்ட்டில் அதே நூறு சதவீதம்தான். ஆனால் அந்த ஆறேழு மணி நேரத்தில் இதயத் தசையில் பெரும்பகுதி செத்துவிட்டது. உயிர் பிழைத்தார். பழையபடி கடைக்குப் போக முடியவில்லை.

அவசரமே இல்லாத வீடு அலறிக்கொண்டு ஓடுகிறது, ஓட வேண்டிய வீடு ஓமத் தண்ணீர் கொடுக்கிறது. இதைப் பேசத்தான் இன்று வந்தோம். நாங்கள் மருத்துவர்கள் அல்ல. நோயாளிகளோடு போய் வந்ததிலும், மருத்துவர்களிடம் கேட்டதிலும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்களை நம் ஆட்கள் 'நரம்பு' என்பார்கள். நரம்பு வேறு, இது ரத்தக் குழாய். இதில் கொழுப்பு படிந்த இடம் திடீரென்று வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் மூடிக்கொண்டால் அதுதான் பெரிய மாரடைப்பு. வேறு வழியில் ரத்தம் வருவதற்கு அவகாசமே இல்லை. தசை பட்டினி கிடந்து சாகத் தொடங்குகிறது. ஒவ்வொரு நிமிடமும் கணக்குதான்.

பழைய அடைப்பு அப்படி அல்ல. குழாய் முழுவதும் மூடி மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் அதை நாள்பட்ட முழு அடைப்பு என்கிறார்கள். பலருக்கு இது வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தது. மெயின் ரோடு மெல்ல மெல்ல மூடும்போது வண்டிகள் சந்து வழியாகப் போகப் பழகிக்கொள்வது போல, பக்கத்துக் குழாயிலிருந்து சின்னச் சின்னக் கிளைகள் அகலமாகி அந்தத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகின்றன. அதனால்தான் நூறு சதவீத அடைப்போடு ஒருவர் ஆட்டோவில் உட்கார்ந்து டீ குடிக்க முடிகிறது. ஆனால் சந்து சந்துதான். உட்கார்ந்திருக்கும்போது போதுமான ரத்தம், படி ஏறும்போது போதாது. அப்போதுதான் நெஞ்சு பிடிக்கிறது, மூச்சு வாங்குகிறது.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறோம். நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, வாந்தி வருவது போன்ற உணர்வு, இவை சில நிமிடங்களில் அடங்காவிட்டால் உடனே 108-க்கு அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலாகவோ, தாங்க முடியாத அசதியாகவோ வரலாம். 'பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகிறேன்' என்று கிளம்பாதீர்கள். இ.சி.ஜி. எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் கேத்லேப்பில் பலூன் வைத்துத் திறக்க முடியுமானால் அதுதான் முதல் சிகிச்சை. அவ்வளவு சீக்கிரம் அங்கே போய்ச் சேர வழியில்லையென்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அருகிலுள்ள ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

இந்த முறையை நம் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிறிய ஆஸ்பத்திரிகளையும் கேத்லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்சையும் ஒரே வலையாக இணைத்தபோது, மாரடைப்பு வந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2017-இல் வெளிவந்த ஆய்வு இது. 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். பக்கத்து ஊர் பி.எச்.சி.யைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

இனி பழைய அடைப்புக்கு வருவோம். நம்மிடம் உதவி கேட்டு வருபவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான்.

இதயக் குழாய்க்குள் பலூன் வைத்து விரிக்கும் சிகிச்சையை முதன்முதலில் செய்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், 1977 செப்டம்பர் 16 அன்று. ஆரம்பத்தில் அந்தப் பலூன்களைத் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துத்தான் ஒட்டிச் செய்தார். பாதி அடைத்த குழாய்க்கு அது சரி. முழுவதும் மூடி, சுண்ணாம்பு போல இறுகிப்போன குழாய்க்குள் கம்பி எங்கே நுழையும்? அதனால் நெடுங்காலம் இதற்குப் பைபாஸ் ஆபரேஷன் அல்லது மாத்திரை என்றுதான் இருந்தது. பிறகு கம்பிகள் மாறின. முடி போன்ற மெல்லிய கம்பிகள், அவற்றைத் தாங்கிப் போகும் நுண்குழாய்கள் வந்தன. ஜப்பானிய மருத்துவர்கள் இதில் பெரிதும் உழைத்திருக்கிறார்கள்.

செய்முறையைச் சொன்னால் பயம் குறையும். மணிக்கட்டு, தொடை என்று பெரும்பாலும் இரண்டு இடங்களில் குழாய் போடுகிறார்கள். ஒன்று அடைத்த குழாய்க்கு, மற்றொன்று கிளை வழியாக உதவும் நல்ல குழாய்க்கு. இரண்டிலும் ஒரே சமயத்தில் மருந்துச் சாயம் செலுத்தினால்தான் அடைப்பின் தலையும் வாலும் தெரியும். முன்பக்கமிருந்து கம்பியைச் செலுத்திப் பார்ப்பார்கள். முடியாவிட்டால், சந்து என்று சொன்னோமே, அந்தக் கிளை வழியாகவே சுற்றிப் போய் அடைப்பின் பின்பக்கமிருந்து துளைத்து வருவார்கள். கம்பி கடந்துவிட்டால் பலூன், பிறகு ஸ்டென்ட். இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். நோயாளி பெரும்பாலும் விழித்தபடிதான் இருப்பார்.

நன்கு பழகிய மையங்களில் நூற்றில் 85 முதல் 90 பேருக்கு வெற்றி கிடைக்கிறது. பழகாத இடத்தில் அந்தக் கணக்கு நிற்காது. குழாயில் ஓட்டை விழுந்து இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குவது, சாயத்தால் சிறுநீரகம் பாதிப்பது, எக்ஸ்ரே கதிர் அதிகம் படுவது என்று ஆபத்துகளும் உண்டு. தேர்ந்த கைகளில்கூடப் பெரிய சிக்கல் நூற்றில் மூன்று பேர் அளவுக்கு வருகிறது. ஆகவே, "டாக்டர், நீங்கள் இது போன்ற முழு அடைப்பை வழக்கமாகச் செய்கிறீர்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இவ்வளவும் செய்து என்ன கிடைக்கும் என்பதுதான் பெரிய கேள்வி. 'திறந்துவிட்டால் ஆயுசு கூடும், திறக்காவிட்டால் எந்த நேரமும் போய்விடுவார்' என்று வீட்டாரைப் பயமுறுத்துவதை நாங்கள் நேரில் கேட்டிருக்கிறோம். ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் மாரடைப்பு வந்து மூன்று நாள் கடந்தும் குழாய் மூடியே இருந்த, ஆனால் நிலைமை சீராக இருந்த 2,166 பேரைப் பார்த்தார்கள். குழாயைத் திறந்தவர்களுக்கு மரணமோ மறு மாரடைப்போ குறையவில்லை. தென் கொரியா முன்னின்று எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2019-இல் வெளிவந்த ஆய்விலும் நல்ல மாத்திரைச் சிகிச்சைக்கும் இதற்கும் உயிர்க் கணக்கில் வித்தியாசம் இல்லை. ஆனால் 2018-இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் 396 பேரைப் பார்த்தபோது, திறந்தவர்களுக்கு நெஞ்சு வலி குறைந்தது, நடமாட்டம் மேம்பட்டது. அதாவது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் வலி விடவில்லை, வேலை செய்ய முடியவில்லை என்பவருக்கு இது உண்மையான நிவாரணம். சும்மா இருந்தவருக்குப் படத்தில் அடைப்பு தெரிந்தது என்பதற்காக மட்டும் என்றால், இரண்டாவது கருத்து கேளுங்கள்.

அந்தப் பகுதித் தசை உயிரோடு இருக்கிறதா என்று எக்கோ, ஸ்கேன் மூலம் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். செத்த தசைக்கு ரத்தம் கொடுத்து என்ன பயன்? சர்க்கரை நோயோடு மூன்று குழாயிலும் அடைப்பு இருந்தால் பைபாஸ் சிறந்ததாக இருக்கலாம். அதையும் அறுவை மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன்பு லட்சத்துக்கு மேல் கொடுத்த குடும்பங்கள் நம் மஹல்லாவிலேயே உண்டு. அந்த வரம்பை அவ்வப்போது மாற்றுகிறார்கள், பில்லைப் பார்த்துக் கேட்கலாம். ஆனால் முழு அடைப்பில் கம்பிகளும் நுண்குழாய்களும்தான் செலவை ஏற்றும். நீளமான அடைப்பு என்றால் ஸ்டென்ட்டும் ஒன்றோடு நிற்காது. கம்பி கடக்காமல் தோற்றாலும் பில் வரும். இதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியாக இருந்து, முன் அனுமதி வாங்கினால்தான் பலன் கிடைக்கும். அதற்குச் சில நாட்கள் ஆகலாம். பழைய அடைப்புக்கு அந்த நாட்கள் இருக்கின்றன. வட்டிக்கு வாங்கி அன்றிரவே கட்டிவிட்டு, மறுநாள் கார்டை எடுத்துக்கொண்டு நம்மிடம் வருபவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

ஸ்டென்ட் வைத்த பிறகு ஆஸ்பிரினும் அதோடு தரும் இன்னொரு மாத்திரையும் மருத்துவர் சொல்லும் வரை ஒருநாள்கூட விடக் கூடாது. பல் பிடுங்குவதற்காகக்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது புதிய மாரடைப்பு. ரமழான் வந்தால் 'நோன்பில் மாத்திரை எப்படி' என்று சிலர் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றித் தர முடியுமா என்பதை அவர் சொல்வார். நோன்பு வேண்டாம் என்று சொன்னால், நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருப்பதை ஆலிம்கள் உங்களுக்கு விளக்குவார்கள்.

அந்தத் தம்பியின் அத்தாவைப் பற்றிக் கேட்பீர்கள். மாத்திரையை மாற்றிக் கொடுத்தும் இரண்டு மாதத்தில் வலி முழுவதும் விடவில்லை. தசை உயிரோடு இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. காப்பீட்டு அனுமதி வாங்கி, இந்த வேலையை வழக்கமாகச் செய்யும் மருத்துவரிடமே செய்துகொண்டார். இப்போது மாடியில்தான் தொழுகிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ரிப்போர்ட் வந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். தாளை மட்டும் கொண்டு வராதீர்கள். ஆஞ்சியோகிராம் சி.டி.யையும் கேட்டு வாங்கி வாருங்கள். அதைப் பார்க்காமல் எந்த மருத்துவரும் இரண்டாவது கருத்து சொல்ல மாட்டார்.