வெயில் வாய்க்குள் போகாது
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவர் ஆற்றிய உரை)



பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் முகாம் நடத்தும்போது, ஸ்டெதஸ்கோப்பை எடுக்குமுன் நான் முகத்தைப் பார்ப்பேன். நாளமில்லாச் சுரப்பிகளின் நோய் பெரும்பாலும் உடம்பின் மேலேயே தெரியும். ஆனால் குப்பத்தில் ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. அதுதான் எங்கள் சிரமம்.

மீன் விற்கும் தாயின் குரல் கரகரத்தால், "கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போச்சு டாக்டரம்மா" என்பார்கள். அத்துடன் முகம் ஊதி, தோல் வறண்டு, மலச்சிக்கலும் அசதியும் சேர்ந்தால் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லுவேன். கழுத்துக் கட்டி மேலே ஏறி இறங்கினால் தைராய்டு வீக்கம் என்று சந்தேகிப்போம். கடலோரத்தில் இது வராது என்பது தவறு. கடல் உப்பில் இயற்கையான அயோடின் மிகக் குறைவு. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்க 2006 முதல் தடை உண்டு. ஆகவே உப்பளத்துக் கல்லுப்பை விட்டு, அயோடின் உப்பை வாங்கச் சொல்லுகிறோம்.

பாடு முறைப்படி தன் முறை வந்து ஏரியில் வலை இறக்கும் மீனவர் கறுத்துப்போனால், "வெயில்" என்பார்கள். வெயில் வாய்க்குள் போகாது. ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுத்து, எடை குறைந்து, எழுந்து நின்றால் தலை சுற்றினால், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி பழுதாகியிருக்கலாம். நம் நாட்டில் காசநோய் அதற்கு ஒரு முக்கிய காரணம். கவனிக்காமல் விட்டால் சாதாரணக் காய்ச்சலே உயிரைப் பறித்துவிடும்.

எல்லாவற்றிலும் அவசரமானது பச்சிளங்குழந்தை. மஞ்சள் காமாலை நீடித்து, பாலுக்கு அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால், "சாதுவான பிள்ளை" என்று பாட்டி மகிழுவார். நாக்குத் தடிப்பும் தொப்புள் புடைப்பும் கண்ணில் படாமல் போகும். பிறவித் தைராய்டுக் குறைவு இப்படித்தான் ஏமாற்றும். பல குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் அடையாளமே இராது. குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தமே காட்டிக்கொடுக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பிள்ளை பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப்போல் வளரும். தாமதித்தால் குன்றிய புத்தி வளர்ச்சியைப் பின்னர் கொடுக்கும் மருந்து முழுவதும் மீட்டுத் தராது.

மாத்திரை விலை குறைவுதான். ஆனால் தினமும், வெறும் வயிற்றில், பெரும்பாலும் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். மீன் படாத நாட்களில் வீட்டில் முதலில் நின்றுபோவது அதுவே. உங்கள் காணிக்கை அந்த இடைவெளியை அடைக்கிறது; இரத்தப் பரிசோதனைக்கும் கைகொடுக்கிறது.

கலிலேயாக் கடற்கரையில் மீனவரைப் பெயர் சொல்லி அழைத்த ஆண்டவர், இக்குப்பங்களின் ஒவ்வொரு முகத்தையும் அறிவார். நாங்களும் அவற்றை உற்றுப் பார்க்கும்படி ஜெபியுங்கள்.